200 ரூபாயில் நின்றுபோன முதியோர் ஓய்வூதியம்: மத்திய அரசின் நல முன்னுரிமைகள் பற்றி

கேள்வி: சமூக நலத்திலும் வளர்ச்சியிலும் மத்திய அரசின் முன்னுரிமைகள் எவை? அவற்றை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? "இலவசங்களுக்கே பணமெல்லாம் போனால் வளர்ச்சிக்கு என்ன மிஞ்சும்" என்று சொல்கிறார்களே, அது சரியா?

பதில்:

திட்டங்களின் பெயர்ப் பட்டியலை வைத்து முன்னுரிமையைக் கண்டுபிடிக்க முடியாது. எல்லா ஆட்சியும் ஏழை, பெண்கள், விவசாயி, இளைஞர் என்றுதான் பட்டியல் போடும். நான் வேறு சில விஷயங்களைப் பார்ப்பேன். அந்த உதவியைச் சட்டத்தைக் காட்டிக் கேட்டு வாங்க முடியுமா, இல்லை அந்த ஆண்டு ஒதுக்கிய பணம் தீர்ந்ததும் கை விரித்துவிடுவார்களா? விலைவாசி ஏறும்போது தொகையும் ஏறுகிறதா? யாரைக் கணக்கில் எடுத்தார்கள், யாரை விட்டார்கள்? இவற்றுக்குப் பதில் கிடைத்தால், எந்த அரசின் மனதில் யாருக்கு என்ன இடம் என்பது தெரிந்துவிடும்.

முதியோர் ஓய்வூதியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய சமூக உதவித் திட்டம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஆதரவற்ற முதியவருக்கு அப்போது மாதம் 75 ரூபாய். 2006-07-ல் 200 ரூபாய் ஆனது. 2007 நவம்பரில் இந்திரா காந்தியின் பெயர் வைத்து, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியோருக்கு என்று விரிவாக்கினார்கள். 2011-ல் வயது வரம்பை 65-லிருந்து 60-க்கு இறக்கினார்கள். 80 வயதானவர்களுக்கு 500 ரூபாய் என்றார்கள். கைம்பெண்களுக்கும் கடுமையான மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் 2012-ல் 300 ரூபாய். அதோடு நின்றது. 60 முதல் 79 வயது வரை உள்ள ஒருவருக்கு மத்திய அரசு தருவது இன்றைக்கும் அதே 200 ரூபாய்தான். 2007-ல் 200 ரூபாய்க்கு வாங்கிய சாமான்களை இன்று வாங்க 600 ரூபாய்க்கு மேல் வேண்டும். அதாவது தொகையைத் தொடாமலே மூன்றில் இரண்டு பங்கை வெட்டிவிட்டார்கள். காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில் நின்ற தொகை, பா.ஜ.க. ஆட்சி வந்து பத்தாண்டுக்கு மேல் ஆகியும் நகரவில்லை. ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இதை உயர்த்தச் சொல்லித் திரும்பத் திரும்பப் பரிந்துரைத்தும் பலன் இல்லை.

தமிழ்நாட்டில் ஓ.ஏ.பி. என்கிற முதியோர் உதவித்தொகை வாங்கும் ஒரு பாட்டியைக் கேட்டால் மாதம் 1,200 வருகிறது என்பார். 2023 ஆகஸ்டிலிருந்து இதுதான் தொகை. அதில் மத்திய அரசின் பங்கு 200. மீதி ஆயிரத்தை மாநிலம் போடுகிறது. மத்தியத் திட்டத்தின் பட்டியலில் பெயர் ஏறாதவருக்கு முழுத் தொகையும் மாநிலப் பணம். ஏறுவதும் எளிதல்ல. மாநிலவாரியாக இத்தனை பேர் என்று மத்திய அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது; நாடு முழுவதும் கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்துச் சுமார் 3 கோடி பேர். நாட்டில் முதியவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், இந்த எண் மட்டும் அசையவில்லை.

இந்த வரம்பு கிராமத்தில் எப்படி வந்து இறங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இ-சேவை மையத்தில் மனு பதிவாகும். வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) விசாரிப்பார், ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) பரிந்துரைப்பார், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார் ஆணை போட வேண்டும். மகன் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது, ஆகவே இவருக்கு ஆதரவு உண்டு என்று மனுவைத் தள்ளிவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார். பணம் அனுப்பி வருடக்கணக்கில் ஆகியிருக்கும். கார்டில் பெயர் இருப்பதற்கும் தட்டில் சோறு இருப்பதற்கும் சம்பந்தமில்லை என்பது விசாரிக்க வருகிறவருக்கும் தெரியும். ஆனால் கொடுப்பதற்கு இடம் குறைவு, கேட்பவர் அதிகம் என்கிறபோது, தள்ளுபடி செய்ய ஒரு காரணம் தேவைப்படுகிறது. கிடைத்த பிறகும் பயம் தீராது. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்ற சரிபார்ப்பு வரும். காலமெல்லாம் நாற்று நட்டுக் களை பறித்த விரல், ரேகை இயந்திரத்தில் விழாது. ஒரு மாதம் பணம் நின்றால் காரணம் கேட்க அந்த அம்மா பஸ் ஏறித் தாலுகா ஆபீசுக்குப் போக வேண்டும்.

2025-26 பட்ஜெட்டில் இந்த மொத்தத் திட்டத்துக்கும் ஒதுக்கியது 9,652 கோடி ரூபாய். அந்த ஆண்டு மத்திய அரசின் மொத்தச் செலவு மதிப்பீடு சுமார் 50 லட்சத்து 65 ஆயிரம் கோடி. நூறு ரூபாயில் 20 காசு கூட இல்லை. இப்போது பட்டியலில் உள்ள 3 கோடி பேருக்கும் மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கினால் ஆண்டுக்கு 36,000 கோடி ஆகும். அப்போதும் நூறில் 75 காசைத் தொடாது. பணம் இல்லை என்று இதற்கு யாரும் காரணம் சொல்ல முடியாது.

'இலவசம்' பற்றிய உங்கள் கேள்விக்கு இந்த இடத்திலேயே பதில் சொல்லிவிடுகிறேன். அதே 2025-26-ல் வட்டிக்கு மட்டும் சுமார் 12.76 லட்சம் கோடி, சாலை, ரயில் போன்ற மூலதனச் செலவுக்கு 11.21 லட்சம் கோடி. உணவு மானியம் சுமார் 2 லட்சம் கோடி, நூறு நாள் வேலைக்கு 86,000 கோடி. 2019 செப்டம்பரில் நிறுவனங்களுக்கான வருமான வரியை 22 சதவீதமாகக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் குறையும் என்று அறிவித்தது அரசேதான். முதலீடு பெருகும் என்பது அதற்குச் சொன்ன நியாயம். அந்த நியாயத்தை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்தால் ஊக்கம், பாட்டிக்குக் கொடுத்தால் இலவசம் என்று இரண்டு அளவுகோல் வைத்துப் பேசக்கூடாது. தேர்தல் நேரத்தில் யோசனையின்றி அறிவிக்கும் சில திட்டங்கள் மாநிலங்களின் கடனைக் கூட்டுவது உண்மை. அதைக் கண்டிக்கும்போது ஓய்வூதியத்தையும் சத்துணவையும் அதே மூட்டையில் போட்டுக் கட்டுவதைத்தான் நான் மறுக்கிறேன்.

இனி, முன்னுரிமைகள் எப்படி உருவாகின்றன என்ற கேள்வி. அரசியல் சாசனத்தின் 41-ஆவது பிரிவு முதுமை, நோய், வேலையின்மையில் அரசு உதவ வேண்டும் என்கிறது. 47-ஆவது பிரிவு மக்களின் ஊட்டச்சத்தை உயர்த்துவது அரசின் தலையாய கடமைகளில் ஒன்று என்கிறது. இரண்டும் வழிகாட்டு நெறிகள். 37-ஆவது பிரிவின்படி இவற்றை வைத்து நேரடியாக வழக்குப் போட்டு வாங்க முடியாது. ஆகவே யாராவது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் மாநிலங்கள் தள்ளியிருக்கின்றன. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962-லேயே வந்தது. டெல்லி விழித்தது 1995-ல். காமராஜர் தொடங்கிய மதிய உணவை எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாக விரித்தபோது, நாட்டின் பெரும்பகுதியில் பள்ளியில் சோறு என்ற எண்ணமே இல்லை. மகாராஷ்டிரா 1970-களின் பஞ்சத்தில் தொடங்கி, 1977-ல் சட்டமாக்கிய வேலை உறுதித் திட்டம்தான் 2005-ன் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு, அதாவது நூறு நாள் வேலைக்கு, முன்னோடி.

அடுத்தது நீதிமன்றம். 2001-ல் ராஜஸ்தானில் வறட்சி. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் தானியம் மலையாகக் குவிந்து கிடந்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யூ.சி.எல்.) உச்ச நீதிமன்றம் போனது. அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று வந்த உத்தரவு, அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தானியத்தைக் கையில் கொடுத்து அனுப்பாமல் சமைத்துப் பரிமாற வேண்டும் என்றது. இன்று நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் மதியம் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு அந்த உத்தரவு பெரிய காரணம். அந்த வழக்கின் நீண்ட தொடர்ச்சியாகவே 2013-ல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது என்று சொல்லலாம்.

சட்டமாக இருப்பதன் பலம் என்ன என்பதை 2020 காட்டியது. ஊரடங்கில் நகரங்களை விட்டு ஊர் திரும்பியவர்கள் வேலை கேட்டார்கள். கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம் என்பதால், 61,500 கோடி என்று இருந்த நூறு நாள் வேலை ஒதுக்கீட்டை 1,11,500 கோடியாக உயர்த்த வேண்டி வந்தது. அந்த நிதியாண்டில் ஏழரைக் கோடிக் குடும்பங்கள் அந்த வேலைக்குப் போயின. திட்டத்தைக் கடுமையாக விமர்சித்த அரசே அதன் வழியாகத்தான் கிராமங்களுக்குப் பணம் அனுப்பியது.

இப்போது அந்த அடித்தளமே மாறியிருக்கிறது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் பழைய சட்டத்தின் இடத்துக்கு வருகிறது. நாள் எண்ணிக்கை 100-லிருந்து 125 ஆகிறது. செய்தியில் பெரிதாக வந்தது இதுதான். எனக்குக் கவலை தருவது அடுத்த இரண்டு அம்சங்கள். ஒன்று, இதுவரை கூலிச் செலவு முழுவதும் மத்திய அரசுடையது. இனி பெரும்பாலான மாநிலங்கள் 40 சதவீதம் போட வேண்டும். இன்னொன்று, எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பதை மத்திய அரசு முன்கூட்டியே நிர்ணயிக்கும். அதற்கு மேல் செலவானால் மாநிலத்தின் பாடு. விவசாய வேலை மும்முரமான காலத்தில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் வழி இருக்கிறது. ஒதுக்கிய தொகைக்குள் வேலை என்றால், 2020 போல இன்னொரு பேரிடர் வரும்போது கேட்பவர் எல்லாருக்கும் வேலை கொடுக்கப் பணம் எங்கிருந்து வரும்? பீகாரும் ஜார்க்கண்டும் அந்த 40 சதவீதத்தை எப்படிப் புரட்டும்? அதிகம் தேவைப்படும் மாநிலத்திடம்தான் கையில் காசு குறைவு. நாள் எண்ணிக்கை கூடியதை வரவேற்கிறேன். உரிமை என்ற நிலையிலிருந்து ஒதுக்கீடு என்ற நிலைக்கு இறங்கியதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2019 ஆகஸ்டில் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டம் தொடங்கியபோது கிராமப்புற வீடுகளில் 17 சதவீதத்துக்குத்தான் குழாய் இணைப்பு. இப்போது 80 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்த பெண்களுக்கு இது எத்தனை பெரிய விடுதலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வங்கிக் கணக்கு, மின்சாரம், எரிவாயு இணைப்பு, கழிப்பறை, வீடு என்று கண்ணுக்குத் தெரியும் பொருள்கள் கடந்த பத்தாண்டில் வேகமாகப் போய்ச் சேர்ந்தன. மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்த அரவிந்த் சுப்பிரமணியன், அடிப்படைப் பொருள்களை அரசே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் இந்தப் போக்கைப் புதிய வகை நலவாதம் என்று அடையாளம் காட்டினார். நிதி ஆயோக்கின் கணக்குப்படி பல்பரிமாண வறுமை 2013-14-ல் இருந்த 29.17 சதவீதத்திலிருந்து 2022-23-ல் 11.28 சதவீதமாக இறங்கியதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. அந்த அளவீட்டில் குடிநீர், கழிப்பறை, மின்சாரம், சமையல் எரிபொருள், வீடு, வங்கிக் கணக்கு எல்லாம் தனித்தனியாக எண்ணப்படுகின்றன.

ஆனால் இதே காலத்தில் பிள்ளைகளின் ரத்தம் என்ன சொல்கிறது? தேசிய குடும்ப நல ஆய்வின் நான்காம் சுற்றில், 2015-16-ல், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 58.6 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்தாம் சுற்றில், 2019-21-ல், 67.1 சதவீதம். பெண்களுக்கு 53-லிருந்து 57. வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் 38.4-லிருந்து 35.5-க்குத்தான் இறங்கினார்கள். குழாயை வைத்ததும் படம் எடுக்கலாம், எண்ணலாம், வேலை முடிந்தது என்று எழுதலாம். ஒரு குழந்தை சரியாக வளர்வதைத் திறப்பு விழா வைத்துக் காட்ட முடியாது. கருவில் தொடங்கி இரண்டு வயது வரையான ஆயிரம் நாள், தினமும், விடாமல் யாராவது கவனிக்க வேண்டும். அந்த யாராவது என்பவர் அங்கன்வாடிப் பணியாளர்.

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று ஏறத்தாழ 14 லட்சம் மையங்கள். ஒரு பணியாளர், ஒரு உதவியாளர், ஓர் அறை. பிள்ளைகளை எடை போடுவது, பாட்டும் கதையும் சொல்லித் தருவது, கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுப்பது, வீடு வீடாகப் போவது, எல்லாவற்றையும் மத்திய அரசின் ‘போஷன்’ என்கிற ஊட்டச்சத்துக் கண்காணிப்புச் செயலியில் ஏற்றுவது என்று அவர் வேலை நீளும். தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலும் பல இடங்களில் அவர் தலையில். இப்போது வீட்டுக்குத் தரும் ஊட்டச்சத்துப் பொருளைப் பெற வரும் தாயின் முகத்தையும் செல்போனில் சரிபார்க்கச் சொல்கிறார்கள். சிக்னல் இல்லாத ஊரில் வெயிலில் கைக்குழந்தையோடு அந்தத் தாய் நிற்கிறாள். இத்தனைக்கும் மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் 2018 அக்டோபரில் வைத்த 4,500 ரூபாய். ஊழியர் என்ற தகுதியும் இல்லை, மதிப்பூதியம் பெறும் தொண்டர் என்ற கணக்கு. ஒரு குழந்தையின் ஒரு நாள் கூடுதல் உணவுக்கு 2017-ல் நிர்ணயித்த தொகை 8 ரூபாய். அதிலும் பாதி பெரும்பாலான மாநிலங்கள் தருவது. ஒரு முட்டை வாங்கினாலே பெரும்பங்கு தீர்ந்துவிடும். தமிழ்நாட்டு அங்கன்வாடியில் வாரம் மூன்று முட்டை கிடைப்பது மாநிலம் தன் பணத்தைச் சேர்ப்பதால். அப்படிச் சேர்க்க முடியாத, அல்லது முட்டையே வேண்டாம் என்று முடிவெடுத்த மாநிலத்தில் பிறந்த குழந்தை என்ன பாவம் செய்தது?

ஆகவே வரிசை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், என் பதில் தயக்கமில்லாமல் இதுதான்: முதலில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் தாய்மாரும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிகள் ஒவ்வொருவருக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தரச் சொல்கிறது. 2017-ல் வந்த மகப்பேறு உதவித் திட்டம் முதல் குழந்தைக்கு மட்டும், 5,000 ரூபாய் என்று சுருக்கியது. பின்னால் இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் உண்டு என்று சேர்த்தார்கள். சட்டத்தில் இருப்பதைக் கொடுத்தாலே பாதி வேலை முடியும். அதற்கடுத்து உழைக்கும் வயது கடந்தவர்கள், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள். இவர்களால் சந்தையில் போட்டி போட முடியாது, சங்கம் வைத்துப் போராடவும் முடியாது, ஆகவே அரசுதான் தானாக நினைக்க வேண்டும். தொகையை விலைவாசிக் குறியீட்டோடு கட்டிவிட வேண்டும். அரசு ஊழியரின் அகவிலைப்படி ஆண்டுக்கு இரண்டு முறை தானாகத் திருத்தப்படும்போது, முதியவரின் 200 ரூபாய்க்கு மட்டும் ஏன் அந்த விதி பொருந்தாது? பிறகு வேலை, பிறகு மருத்துவம். 2025-க்குள் பொதுச் சுகாதாரச் செலவை உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்று 2017-ன் தேசியச் சுகாதாரக் கொள்கை சொன்னது. அந்த ஆண்டும் கடந்துபோனது, இலக்கை எட்டவில்லை. காப்பீட்டு அட்டை ஆபரேஷனுக்கு உதவும். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாதாமாதம் மாத்திரை தர ஆரம்ப சுகாதார நிலையம்தான் வேண்டும்.

இன்னொன்றைச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமத்தில் 75, நகரத்தில் 50 சதவீதம் பேர் வரை என்கிறது. 2011 கணக்கெடுப்பை வைத்து அது 81.35 கோடிப் பேர் என்று வந்தது. இன்னும் அதே எண்தான். 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027-க்கு என்று அறிவித்திருக்கிறார்கள். இன்றைய 140 கோடிக்கு மேற்பட்ட மக்கள்தொகையில் அதே விகிதத்தைப் போட்டால் 12 கோடிப் பேராவது கூடுதலாக உள்ளே வர வேண்டும். இவர்கள் யார் என்றால், 2011-க்குப் பிறகு திருமணமாகித் தனிக்குடித்தனம் போனவர்கள், அதன்பின் பிறந்த பிள்ளைகள், ஊர் விட்டு ஊர் போன கூலித் தொழிலாளிகள். இ-ஷ்ரம் தளத்தில் பதிந்த அமைப்புசாராத் தொழிலாளர்களில் சுமார் 8 கோடிப் பேரிடம் ரேஷன் கார்டு இல்லை என்பது உச்ச நீதிமன்றத்தில் வெளிவந்து, கணக்கெடுப்புக்குக் காத்திருக்காமல் அவர்களுக்குக் கார்டு கொடுங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் அரிசி அட்டை எல்லாருக்கும் உண்டு என்பதால் நமக்கு இந்த வலி தெரிவதில்லை. திருப்பூரிலும் சென்னையிலும் நம் பக்கத்தில் வேலை பார்க்கும் ஒடிசா, பீகார் குடும்பங்களுக்குத் தெரியும்.

பிப்ரவரி 1 அன்று பட்ஜெட் வரும்போது நிதியமைச்சரின் உரையோடு நிறுத்தாதீர்கள். நிதியமைச்சகத்தின் தளத்தில் செலவு விவரக் கோப்பு அன்றே வரும். ஊரக வளர்ச்சி, பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாடு, உணவு வழங்கல் ஆகிய துறைகளின் பக்கத்தைத் திறங்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் எதிரே அடுத்த ஆண்டுக்கான ஒதுக்கீடு இருக்கும். நடப்பு ஆண்டில் ஒதுக்கியது, திருத்தியது, அதற்கு முந்தைய ஆண்டில் உண்மையில் செலவழித்தது ஆகியவையும் இருக்கும். ஒதுக்கியதைவிடச் செலவழித்தது தொடர்ந்து குறைந்தால், அந்தத் திட்டம் மேடையில் மட்டும் உயிரோடு இருக்கிறது. உள்ளூரில் என்றால், தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. நூறு நாள் வேலையின் சமூகத் தணிக்கை அறிக்கையை அங்கே படிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஓ.ஏ.பி. நின்றுபோன முதியவர் பக்கத்து வீட்டில் இருந்தால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, அதன் பதிவு எண்ணை மறக்காமல் வாங்கி வாருங்கள். மனு தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.